வயது ஏறும்போது இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிப்பது எப்படி

இரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் கண் முதலில் போய் நிற்பது தடித்த எழுத்தில் அச்சான எண்ணிலும் அதன் பக்கத்து அம்புக்குறியிலும்தான். அறுபதைத் தாண்டியவரின் அறிக்கையில் அப்படியொரு குறி இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. அந்தக் குறியைக் கண்டதும் சில வீடுகளில் ஒவ்வொரு எண்ணும் ஒரு நோயாகத் தெரிந்து தூக்கம் போய்விடுகிறது. வேறு சில வீடுகளில் “வயசானா அப்படித்தான்” என்ற ஒரே பேச்சில் எல்லாம் அடங்கிவிடுகிறது. இரண்டுமே தவறு, இரண்டாவதுதான் கூடுதல் ஆபத்தானது என்பது என் கருத்து. வயதோடு உண்மையாகவே நகரும் எண்கள் சில உண்டு. வயது எவ்வளவானாலும் நகரக் கூடாத எண்கள் பல உண்டு. வயதால் நகர்ந்ததுபோல் தோற்றம் காட்டிவிட்டு, உண்மையில் வேறொரு கோளாற்றையோ அன்றாடம் விழுங்கும் ஒரு மாத்திரையையோ சுட்டும் எண்களும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய என்ன செய்ய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை.

வரம்பு எங்கிருந்து வருகிறது

அறிக்கையின் ஓரத்தில் இயல்பு வரம்பு என்று அச்சிடப்படுவது ஒரு புள்ளியியல் கணக்கு. உடல்நலத்துடன் இருப்பதாகக் கருதப்படும் ஒரு குழுவினரின் இரத்தத்தைச் சோதித்து, கிடைத்த எண்களை ஏறுவரிசையில் அடுக்கி, கீழ்முனையில் 2.5 விழுக்காட்டையும் மேல்முனையில் 2.5 விழுக்காட்டையும் ஒதுக்கிவிட்டால் நடுவில் மிஞ்சும் 95 விழுக்காடுதான் அந்த வரம்பு. ஒரு பிரிவுக்குக் குறைந்தது 120 பேரையாவது சோதிக்க வேண்டும் என்பது ஆய்வகத் துறையில் ஏற்கப்பட்ட நெறி. ஆகவே, நோய் எதுவும் இல்லாத 20 பேரில் ஒருவர் வரம்புக்கு வெளியே விழுவது அந்த முறையிலேயே அடங்கியிருக்கிறது. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை ஒரே நாளில் செய்துகொண்டால், பூரண நலத்துடன் இருப்பவருக்கும் இருபதுமே வரம்புக்குள் அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 36 விழுக்காடுதான். ஒரேயொரு குறியைக் கண்டு கலங்க வேண்டியதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

முதியவர்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. எண்பது வயதில் நோயும் இல்லாமல், மாத்திரையும் இல்லாமல் இருப்பவர்களை நூற்றுக்கணக்கில் திரட்டுவது எளிதல்ல. கிடைப்பவர்களைக் கொண்டு ஒப்பேற்றினால், அந்த வயதில் பரவலாக இருக்கும் நோய்களும் வரம்புக்குள் புகுந்து, நோயே இயல்பு என்று அச்சாகிவிடும். இந்தத் தொல்லைக்கு அஞ்சியே பல ஆய்வகங்கள் பதினெட்டு வயது முதல் எல்லாருக்கும் ஒரே வரம்பை அச்சிட்டுவிட்டு நின்றுகொள்கின்றன. ஆகவே அறிக்கையைப் படிக்கத் தொடங்கும்போது, அந்த வரம்பு பெரியவர்கள் அனைவருக்கும் பொதுவானதா, அல்லது உங்கள் வயதுப் பிரிவுக்கும் பாலினத்துக்கும் உரியதா என்று பாருங்கள். அச்சில் வயதுப் பிரிவு எதுவும் குறிக்கப்படவில்லையென்றால் பொது வரம்பு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வாறு எடுக்கப்படாத எண்களும் அதே பத்தியில் அச்சாகின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெறும் வயிற்றில் சர்க்கரை 126, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. 6.5 விழுக்காடு போன்றவை மக்கள்தொகையின் நடுப்பகுதியை அளந்து வந்தவை அல்ல. அந்த அளவைத் தாண்டினால் கண்ணிலும் சிறுநீரகத்திலும் கேடு விளைவது கூடுகிறது என்று கண்டு, மருத்துவ அமைப்புகள் வகுத்த எல்லைகள் அவை. முதல் வகையில் வயதைக் கருதிச் சற்றுத் தளர்த்திப் படிக்க இடமுண்டு. இரண்டாவது வகையில் நோயைக் கண்டறியும் எல்லை வயதுக்காக நகர்வதில்லை. சிகிச்சையின் இலக்குதான் நகரும்.

பழைய அறிக்கைகளை முதலில் எடுங்கள்

அச்சிட்ட வரம்பைவிட நம்பகமான வரம்பு ஒன்று உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. ஒரே மனிதரின் கிரியேட்டினின், ஹீமோகுளோபின், எலும்பிலும் கல்லீரலிலும் உருவாகும் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி போன்றவை ஆண்டுக்கணக்கில் மிகக் குறுகிய இடத்துக்குள்ளேயே ஊசலாடுகின்றன. மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாடுதான் பெரிது. அச்சிட்ட வரம்பு அகலமாக இருப்பதற்கு அதுவே காரணம். ஆகவே ஒருவரின் எண் வரம்புக்குள்ளேயே வெகுதூரம் நகர்ந்திருந்தாலும் அறிக்கையில் எந்தக் குறியும் விழாது.

கிடைக்கும் பழைய அறிக்கைகளையெல்லாம் சேர்த்து, ஒரு நோட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, எண், அலகு, ஆய்வகம், அன்று வெறும் வயிறா, அந்த வாரத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்ததா, அப்போது என்னென்ன மாத்திரைகள் ஓடிக்கொண்டிருந்தன என்பவற்றை எழுதிவையுங்கள். அலகை எழுதாமல் விட்டால் பின்னால் குழம்புவீர்கள். கிரியேட்டினினை ஓர் ஆய்வகம் மில்லிகிராமிலும் இன்னொன்று மைக்ரோமோலிலும் தரும். 1 மில்லிகிராம் என்பது அங்கே 88 என்று அச்சாகியிருக்கும். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில், காலையில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இரத்தம் கொடுப்பது ஒப்பிட உதவும். மருந்துகளின் பத்திதான் இந்த நோட்டின் உயிர். பின்வரும் பகுதிகளில் அது ஏன் என்று தெரியும்.

கிரியேட்டினின்: 1.0 என்பது எல்லாருக்கும் 1.0 அல்ல

வயது எவ்வாறு ஓர் எண்ணின் பொருளையே மாற்றிவிடுகிறது என்பதற்குக் கிரியேட்டினினைப் போன்ற எடுத்துக்காட்டு வேறில்லை. அது தசையில் உருவாகிச் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் கழிவு. வயதாக ஆகத் தசை குறைகிறது. ஆகவே உற்பத்தியும் குறைகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனும் குறைகிறது. ஆகவே வெளியேற்றமும் குறைகிறது. இரண்டும் ஒருசேரக் குறைவதால் இரத்தத்தில் உள்ள அளவு அப்படியே இருப்பதுபோல் தோன்றும். வரவும் செலவும் சேர்ந்து சுருங்கிய வீட்டில் கையிருப்பு மட்டும் மாறாமல் இருப்பதைப் போன்றது இது.

இதனால்தான் கிரியேட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்து வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். அறிக்கையில் இ.ஜி.எஃப்.ஆர். என்று அச்சாவது அதுதான். 2021ஆம் ஆண்டின் சி.கே.டி.-எபி சூத்திரத்தின்படி, டெசிலிட்டருக்கு 1.0 மில்லிகிராம் கிரியேட்டினின் உள்ள 30 வயது ஆணுக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 104 மில்லிலிட்டர், அதே 1.0 உள்ள 80 வயதுப் பெண்ணுக்கு 57. இருவரின் அறிக்கையிலும் கிரியேட்டினின் வரிக்கு எதிரே குறி எதுவும் இருக்காது.

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். எழுபது வயதுப் பெண்மணி ஒருவருக்குப் பல ஆண்டுகளாகக் கிரியேட்டினின் 0.7 என்றே வந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். கணக்கின்படி வடிகட்டும் வேகம் 93. மூட்டுவலிக்காகச் சில மாதங்கள் வலிநிவாரணி சாப்பிட்டபின், எழுபத்தோராம் வயதில் 1.1 வருகிறது. அச்சிட்ட வரம்பு 1.2 வரை என்று இருந்தால் அது நார்மல் என்றே படிக்கப்படும். ஆனால் வடிகட்டும் வேகம் இப்போது 54. ஓராண்டில் நாற்பது புள்ளிகள் சரிந்ததை வயதின் கணக்கில் எழுத முடியாது, ஏனெனில் வயது அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை. அமெரிக்காவில் 1958இல் தொடங்கிய பால்டிமோர் முதுமை ஆய்வில் பங்கேற்றவர்களிடம் கண்ட சராசரிச் சரிவு ஆண்டுக்கு 0.75 மில்லிலிட்டர் மட்டுமே. அவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குச் சரிவே காணப்படவில்லை. ஆண்டுக்கு ஒன்று குறைவது வேறு, ஓராண்டில் நாற்பது குறைவது வேறு. இந்த வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பது பழைய நோட்டு மட்டும்தான்.

வடிகட்டும் வேகம் 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பது சர்வதேச வரையறை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த எல்லையை 45 ஆகத் தளர்த்த வேண்டும், இல்லையெனில் சாதாரண முதுமையையே நோய் என்று முத்திரை குத்துகிறோம் என்று சில சிறுநீரக மருத்துவர்கள் வாதிடுகின்றனர். வரையறை இன்னும் மாறவில்லை. உங்கள் எண் 45க்கும் 60க்கும் இடையில் நின்றால், எந்தத் தரப்பு சரி என்று தீர்ப்பதைவிட, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையைக் கேட்டுப் பெறுவது பயன் தரும். கசிவு இல்லாமல், எண்ணும் சில ஆண்டுகளாக அசையாமல் இருந்தால் கவலைக்கு இடம் குறைவு.

மிக மெலிந்தவர்களுக்கும் நீண்ட நாள் படுக்கையில் இருந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு ஏமாற்றும். தசையே இல்லாத உடலில் கிரியேட்டினின் குறைவாகத்தான் இருக்கும். அதைக் கண்டு சூத்திரம் சிறுநீரகம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிடும். தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற சோதனை அங்கே உதவும். மருந்தின் அளவை முடிவு செய்யப் பல மருத்துவர்கள் 1976இல் வெளியான காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினின் 72 மடங்கால் வகுத்து, பெண்ணாக இருந்தால் 0.85ஆல் பெருக்க வேண்டும். மேலே சொன்ன 80 வயதுப் பெண் 50 கிலோ எடையுள்ளவர் என்றால் விடை 35தான். முதல் சூத்திரம் சராசரி உடற்பரப்புக்கு ஏற்ப 57 என்று சொன்னது. சிறிய உடல் என்பதைக் கணக்கில் எடுத்ததும் இவ்வளவு இறங்குகிறது. சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் மருந்தை இளையவருக்குக் கொடுக்கும் அளவிலேயே இவருக்கும் கொடுத்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தைராய்டு: உயர்ந்தாலே மாத்திரை அல்ல

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனின் அளவு, வயதோடு உண்மையாகவே மேலே நகரும் எண். அமெரிக்காவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்புத் தரவுகளில், தைராய்டு நோய் இல்லாத இருபது வயதுக்காரர்களின் மேல் எல்லை சுமார் 3.6, எண்பதைக் கடந்தவர்களின் மேல் எல்லை சுமார் 7.5. ஆனால் பெரும்பாலான அறிக்கைகளில் எல்லா வயதினருக்கும் 4 அல்லது 4.5 என்றே மேல் எல்லை அச்சாகிறது. எண்பத்திரண்டு வயதுக்காரருக்கு 6.2 வந்து, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 அளவு சரியாக இருந்தால், அவருக்குத் தைராய்டு குறைபாடு வந்துவிட்டது என்று சொல்ல அந்த ஒரு எண் போதாது.

65 வயதைத் தாண்டிய, டி.எஸ்.எச். சற்று உயர்ந்து டி4 சரியாக இருந்த 737 பேரிடம் நடத்திய டிரஸ்ட் ஆய்வு 2017இல் வெளியானது. தைராய்டு மாத்திரை பெற்றவர்களுக்கும் மருந்து எதுவும் இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களுக்கும் களைப்பிலோ பிற அறிகுறிகளிலோ வேறுபாடு காணப்படவில்லை. தேவையில்லாத மாத்திரை வெறும் வீண்செலவு என்று நினைத்துவிட வேண்டாம். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பு வலுவிழக்கும். ஆகவே ஒரே தடவை உயர்ந்த எண்ணை வைத்து எதையும் தொடங்காமல், இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் பார்ப்பதே வழக்கம். பெரிய நோயிலிருந்து தேறிவரும் வாரங்களில் டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறும் என்பதால், மருத்துவமனையிலிருந்து திரும்பிய உடனே இந்தச் சோதனையைச் செய்துகொள்ளாமல் இருப்பது நல்லது. எண் 10ஐத் தாண்டினாலோ, டி4 குறைந்தாலோ வயதைக் காட்டித் தள்ளிப்போடக் கூடாது.

கீழ்ப்பக்கத்தில் இந்தத் தளர்வு கிடையாது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் டி.எஸ்.எச். 0.1க்கும் கீழே இருந்தால் அடுத்த பத்தாண்டில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்று ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1994இல் காட்டியது. இளையவருக்கு வரும் படபடப்பும் நடுக்கமும் முதியவருக்கு வராமலே போகலாம். எடை குறைவதும் சோர்வும் மட்டுமே தெரியலாம். முடி, நகம் வளர என்று விற்கும் பயோட்டின் மாத்திரை சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதிக அளவு பயோட்டின் சாப்பிடுபவர்கள் சோதனைக்கு முன் அதை மருத்துவரிடம் தெரிவித்து, எத்தனை நாள் நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வயதைக் கொண்டே போடும் சிறு கணக்குகள்

சில சோதனைகளுக்கு மருத்துவர்கள் வயதை நேரடியாகக் கணக்கில் போடுகிறார்கள். இவற்றை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவுக்கு ஆணாக இருந்தால் வயதில் பாதி, பெண்ணாக இருந்தால் வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி என்பது 1983 முதல் புழங்கும் எளிய விதி. எழுபது வயதுப் பெண்ணுக்கு 40 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று ஆகிறது. ஆனால் ஐம்பதைக் கடந்தவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடையில் வலி, பார்வை மங்கல் என்று வந்து ஈ.எஸ்.ஆர். உயர்ந்திருந்தால் இந்த விதியையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தலையின் தமனிகள் வீங்கும் நோயாக அது இருந்தால் தாமதம் பார்வையைப் பறித்துவிடும்.

இரத்தக்கட்டி இருக்கிறதா என்று சந்தேகிக்கும்போது செய்யும் டி-டைமருக்குப் பொதுவான எல்லை 500. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி எல்லையாகக் கொள்ளலாம் என்பதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு உறுதிசெய்தது. எழுபத்தைந்து வயதுக்கு 750. இது எஃப்.இ.யு. என்று குறிப்பிடும் அலகுக்கு மட்டுமே பொருந்தும். மருத்துவர் பரிசோதித்து, கட்டி இருக்கும் வாய்ப்பு பெரிதில்லை என்று கருதியவர்களுக்கே இந்தக் கணக்கு. மூச்சுத்திணறலோடு வருபவரின் இதயம் தளர்ந்திருக்கிறதா என்று காட்டும் என்.டி.-புரோ பி.என்.பி. சோதனையிலும் ஐம்பதுக்குக் கீழே 450, எழுபத்தைந்து வரை 900, அதற்குமேல் 1800 என்று படிகள் உண்டு.

புராஸ்டேட் சுரப்பி வயதோடு பெரிதாவதால் அது உண்டாக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவும் ஏறுகிறது. 1993இல் முன்வைக்கப்பட்ட வயதுவாரி எல்லைகள் நாற்பதுகளில் 2.5, ஐம்பதுகளில் 3.5, அறுபதுகளில் 4.5, எழுபதுகளில் 6.5 என்று அமைந்தன. சிறுநீர்த் தடைக்காக ஃபினாஸ்டெரைடு சாப்பிடுபவருக்கு இந்த எண் சில மாதங்களில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அவருக்கு வந்த 3 என்பது உண்மையில் 6 என்று படிக்க வேண்டியது. நோட்டில் மருந்துக்கு ஒரு பத்தி வேண்டும் என்றது இதற்காகத்தான்.

மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு நிகழும் மாற்றங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதாந்தர இரத்த இழப்பு நிற்பதால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஏறும். யூரிக் அமிலமும் கெட்ட கொழுப்பும் ஏறும். எலும்பின் தேய்மானமும் புதுப்பித்தலும் வேகமெடுப்பதால் அல்கலைன் பாஸ்படேஸ் சற்று உயரும். கடைசியில் சொன்னது கல்லீரலிலிருந்தும் வரக்கூடும் என்பதால், கல்லீரல் கோளாற்றில் உயரும் ஜி.ஜி.டி. என்ற சோதனையையும் சேர்த்துப் பார்த்தால் எது காரணம் என்று பெரும்பாலும் விளங்கும்.

வயதின் மேல் பழி போடக் கூடாதவை

இந்தப் பட்டியலில் முதலிடம் ஹீமோகுளோபினுக்கு. உலக சுகாதார நிறுவனம் 1968இல் வகுத்த எல்லை ஆண்களுக்கு 13, கருவுறாத பெண்களுக்கு 12. முதியவர்களுக்கென்று அதில் தனிச் சலுகை இல்லை. வயதானவர்களில் பலருக்கு அதற்குக் கீழே இருக்கிறது என்பது உண்மை. அமெரிக்கக் கணக்கெடுப்பில் 65 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கும் 85ஐத் தாண்டியவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேலும் இரத்தசோகை இருந்தது. ஆனால் பலருக்கு இருப்பதாலேயே அது இயல்பாகிவிடாது. அந்தக் கணக்கெடுப்பிலேயே மூன்றில் ஒரு பங்கினருக்கு இரும்பு, ஃபோலேட், பி12 போன்ற சத்துக் குறைவும், இன்னொரு பங்கினருக்கு நாள்பட்ட அழற்சியோ சிறுநீரகக் கோளாறோ காரணமாக இருந்தன. காரணம் தெரியாமல் நின்றது எஞ்சிய ஒரு பங்குதான். அதாவது மூவரில் இருவருக்குத் தேடினால் காரணம் கிடைக்கிறது.

முதியவருக்கு இரும்புச்சத்துக் குறைவு என்று தெரிந்தால் அடுத்த கேள்வி இரத்தம் எங்கே கசிகிறது என்பதாக இருக்க வேண்டும். இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்து எண்ணை ஏற்றிவிட்டால், குடலில் உள்ள புண்ணோ கட்டியோ மறைந்தே வளரும். எண் வரம்புக்குள் இருக்கும்போதே இது தொடங்கிவிடக்கூடும். எப்போதும் 15.2 இருந்த ஆணுக்கு இரண்டு ஆண்டில் 13.3 வந்தால் குறி விழாது. ஆனால் அவர் எட்டில் ஒரு பங்கு ஹீமோகுளோபினை இழந்திருக்கிறார். ஃபெரிட்டின் அழற்சியிலும் உயரும் என்பதால், மூட்டழற்சி போன்ற நோய் உள்ளவருக்கு அது வரம்புக்குள் இருப்பதை மட்டும் கொண்டு இரும்பு போதுமானது என்று முடிவு கட்டக் கூடாது.

பி12 குறைவு மறதியாகவும் கால் மரத்துப்போவதாகவும் தள்ளாட்டமாகவும் வெளிப்படுவதால், அது முதுமையோடு மிக எளிதாகக் கலந்துவிடுகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினையும், நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் குறைவு வரும் வாய்ப்பு கூடுதல். எண் கீழ் எல்லைக்குச் சற்று மேலே நின்று அறிகுறிகளும் இருந்தால், மெத்தில்மலோனிக் அமிலச் சோதனை தெளிவு தரும். ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதுவும் உயர்ந்தே காட்டும்.

சோடியம் 135க்குக் கீழே இறங்குவதற்கு வயது காரணம் அல்ல. பெரும்பாலும் இரத்த அழுத்தத்துக்கான தயாசைடு வகை மாத்திரையோ, மனச்சோர்வுக்கான மாத்திரையோதான் பின்னால் இருக்கும். பொட்டாசியம் உயர்ந்தால் அழுத்தத்துக்கான ஏ.சி.இ. தடுப்பான், ஸ்பைரனோலாக்டோன் போன்றவற்றை நினைக்க வேண்டும். ஆனால் இரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி மூடித் திறந்தாலும், குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும் என்பதால், எதிர்பாராத உயர்வை உடனே மறுசோதனை செய்து பார்ப்பார்கள். ஆல்புமின் வயதோடு மிகச் சிறிதளவே குறையும், 3.5க்குக் கீழே இறங்கினால் அழற்சி, கல்லீரல், சிறுநீரகம், உணவுக் குறைவு என்று தேட வேண்டும். ஆல்புமின் குறைந்தால் மொத்தக் கால்சியமும் குறைந்தாற்போல் தெரியும் என்பது அதன் உபரித் தொல்லை.

வரம்புக்குள் இருப்பதாலேயே ஏமாற்றும் எண்ணும் ஒன்று உண்டு. நிமோனியா, சிறுநீர்த் தொற்று போன்றவை வந்தபோதும் முதியவர்களில் சிலருக்கு வெள்ளணுக்கள் உயர்வதில்லை, காய்ச்சலும் அடிப்பதில்லை. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பிப் பேசினால், வெள்ளணு எண்ணிக்கை 8,000 என்று வந்த அறிக்கையைக் காட்டி ஆறுதல் அடைவதற்கில்லை.

சர்க்கரையும் கொழுப்பும்

வெறும் வயிற்றுச் சர்க்கரை பத்தாண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் என்ற கணக்கில் மெல்ல ஏறும். இருப்பினும் நீரிழிவைக் கண்டறியும் எல்லை எண்பது வயதிலும் அதே 126தான், அதே 6.5தான். மாறுவது சிகிச்சையின் இலக்கு. மற்றபடி நலமாக உள்ள முதியவருக்கு எச்.பி.ஏ.1சி. 7.0 முதல் 7.5க்குள் என்றும், பல நோய்கள் சேர்ந்தவருக்கு 8க்குள் என்றும் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் தளர்த்தியே பரிந்துரைக்கிறது. எண்பது வயதில் சர்க்கரை திடீரென்று இறங்கித் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது, எண் சற்று ஏறியிருப்பதைவிடக் கொடியது என்பதே காரணம். இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவரின் அறிக்கையில் 5.9 வந்தால் அதைப் பாராட்டுவதைவிட மருந்தைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதுதான் சரி. இரத்தசோகை உள்ளவருக்கு இந்தச் சோதனையே தடம் புரளும்: இரும்புக் குறைவில் எண் பொய்யாக உயரும், அண்மையில் இரத்தம் இழந்திருந்தாலோ ஏற்றியிருந்தாலோ பொய்யாகத் தாழும்.

கொழுப்பின் அளவு நடுவயது வரை ஏறி, எழுபதுக்குமேல் பலருக்குத் தானாகவே இறங்குகிறது. மருந்தையோ உணவையோ மாற்றாமல் திடீரென்று இறங்கியிருந்தால், எடையும் கூடவே குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மறுசோதனையும் மருத்துவரிடம் கேட்க வேண்டியவையும்

எதிர்பாராத எண் வந்தால் பெரும்பாலும் முதல் வேலை அதே சோதனையை மீண்டும் செய்வதுதான். முந்தைய நாள் போதிய தண்ணீர் குடிக்காதது, கடுமையான உடற்பயிற்சி, ஒரு வாரத்துக்கு முன் வந்த காய்ச்சல் ஆகிய எல்லாமே எண்ணை அசைக்கும். ஆனால் சிலவற்றில் மறுசோதனைக்காக வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. பொட்டாசியம் 6ஐத் தாண்டுவது, சோடியம் குறைந்து பேச்சும் நினைவும் தடுமாறுவது, ஹீமோகுளோபின் சில வாரங்களில் சட்டென்று சரிந்து மலம் கறுப்பாகப் போவது, கிரியேட்டினின் சில நாட்களில் ஒன்றரை மடங்காவது ஆகியவை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை.

மருத்துவரைப் பார்க்கும்போது அறிக்கையின் குறி விழுந்த வரியை மட்டும் காட்டாமல் நோட்டையும் மாத்திரைப் பட்டையையும் கொண்டுபோங்கள். “இது நார்மலா?” என்று கேட்டால் ஆம், இல்லை என்றுதான் பதில் வரும். “என் பழைய எண்ணிலிருந்து இவ்வளவு மாறியிருக்கிறது, இதற்குக் காரணம் என்ன?” என்றும், “நான் சாப்பிடும் மருந்துகளில் எதுவும் இதைச் செய்யுமா?” என்றும், “என் சிறுநீரகத்தின் வேகத்துக்கு இந்த மருந்தின் அளவு சரிதானா?” என்றும் கேட்டுப் பாருங்கள். வயதுதான் காரணம் என்று அவர் சொன்னால், வேறு எவற்றையெல்லாம் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வந்தார் என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. பதிலையும் அடுத்த சோதனைக்கான தேதியையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்த்து நீங்களாகவே எந்த மாத்திரையையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.